குத்தகைக்கு நிலம் பிடிக்குமுன் ஒரு வாளித் தண்ணீர்: நீலகிரியில் நூற்புழு பார்க்கும் வழி

நீலகிரியில் புதிதாக உருளைக்கிழங்கு போட வருபவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். தண்ணீர் உண்டா, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், காட்டுமாடு வருமா, குத்தகை எவ்வளவு. மண்ணில் நூற்புழு, அதாவது வேரை உறிஞ்சும் நூல்போன்ற நுண்ணிய புழு, இருக்கிறதா என்று கேட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை. கேத்திப் பக்கம் 40 சென்ட் பிடித்து, கார்போகத்துக்கு ஜோதி ரகம் போட்டேன். முளைப்பு அருமையாக இருந்தது. 50 நாள் தாண்டியதும் தோட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் வட்டம் வட்டமாகச் செடி குட்டையாக நின்றுவிட்டது. வெயில் ஏறினால் இலை துவளும், சாயங்காலம் நிமிரும். உரம் பத்தவில்லை என்று மேலுரம் வைத்தேன். அப்புறம் இன்னொரு தடவையும் வைத்தேன்.

களையெடுக்க வந்த அக்கா ஒருவர்தான், "எலையவே பாத்துட்டு நின்னா எப்படிங்க தம்பி, வேரைப் பாருங்க" என்று சொல்லி ஒரு செடியைக் கொத்தால் நெம்பித் தூக்கினார். சல்லி வேரெல்லாம் கசகசா தூவியதுபோல் மணிமணியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சிலது வெள்ளை, சிலது நல்ல மஞ்சள். "இது வந்துட்டா கெழங்கு கோலிக்குண்டுதான்" என்றார். அந்தப் போகம் அப்படித்தான் ஆனது. மேலுரத்துக்குக் கொடுத்த காசில் ஒரு நல்ல கைலென்ஸ் வாங்கியிருக்கலாம்.

ஆகவே இந்தக் கட்டுரை அந்த லென்ஸைப் பற்றியது, ஒரு வாளியைப் பற்றியது. நிலத்தைப் பிடிக்குமுன் என்ன பார்க்க வேண்டும், பிடித்த பிறகு எப்போது பார்க்க வேண்டும், புழு இருந்தால் என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

அந்த மணிகள் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவின் பெண்கள். பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. கிழங்கோடு உலகம் சுற்றி வந்துவிட்டது. இந்தியாவில் இதை முதலில் கண்டுபிடித்தது நம் ஊரில்தான். 1961இல் ஊட்டி விஜயநகரத்தில், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நூற்புழு ஆய்வாளர் ஜோன்ஸ் பார்த்துச் சொன்னார். இங்கே இரண்டு இனங்கள் உண்டு. குளோபோடெரா ராஸ்டோகியன்சிஸ் வெள்ளையிலிருந்து பொன்மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகும். தங்க நூற்புழு என்று சொல்வது இதைத்தான். குளோபோடெரா பாலிடா மஞ்சளாகாமல் வெள்ளை, பாலேட்டு நிறம், பிறகு நேராகப் பழுப்பு. ஒரே தோட்டத்தில் இரண்டும் கலந்திருக்கலாம். கொடைக்கானல் மலையிலும் இந்தப் புழு உண்டு. எனவே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் கிழங்கு போடுபவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

இதன் வாழ்க்கை முறை தெரிந்தால்தான் எந்தப் போகத்தில் எதைப் பார்ப்பது என்று புரியும். முட்டைக்குள் சுருண்டு கிடக்கும் குஞ்சு, உருளைக்கிழங்கு வேர் கசியும் நீரின் வாசனை பட்டால்தான் பெருமளவில் வெளியே வரும். வந்ததும் வேர் நுனிக்குள் நுழைந்து ஓரிடத்தில் உட்கார்ந்து உறிஞ்சும். பெண் புழு உருண்டு பருத்து, தலை வேருக்குள்ளும் உடல் வெளியிலுமாக நிற்கும். கடைசியில் செத்துப்போகும், ஆனால் தோல் கெட்டியாகிப் பழுப்பு நிறக் கூடாகிவிடும். அந்த அரை மில்லிமீட்டர் கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டைகள். இவ்வளவும் 5 முதல் 7 வாரத்தில் முடியும். கிழங்கு தோண்டும்போது கூடுகள் மண்ணில் உதிர்ந்து கிடக்கும். அடுத்து உருளைக்கிழங்கு வராவிட்டால் காத்திருக்கும். எவ்வளவு நாள் என்று கேட்காதீர்கள். 20 ஆண்டுக்கு மேலும் முட்டை உயிரோடு இருக்கும். உங்கள் நில உரிமையாளர் "நாங்க கெழங்கு போட்டு பத்து வருஷமாச்சு" என்று சொன்னால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மண் எடுப்பது

வாளிச் சோதனையைவிட மண் எடுப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். வரப்போரம் நின்று ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து "ஒண்ணுமில்லை" என்பார்கள். இந்தப் புழு நிலம் முழுவதும் சமமாகப் பரவி இருக்காது. திட்டுத் திட்டாக இருக்கும். எனவே ஒரு ஏக்கருக்கு 40, 50 இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். கோணல்மாணலாக நடந்து, மேல்மண்ணின் சருகை ஒதுக்கிவிட்டு, 15 முதல் 20 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு மேசைக்கரண்டி அளவு போதும். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து அதிலிருந்து அரைக் கிலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறந்த நேரம் கிழங்கு தோண்டி முடிந்தவுடன், அல்லது அடுத்த நடவுக்கு முன்.

மலைக்காட்டில் இன்னொரு விஷயம் உண்டு. நம் நிலம் படிப்படியாக இருக்கும். மழைக்கு மேல்மட்டத்து மண் அடித்துக்கொண்டு கீழ்மட்டத்தில் வந்து சேரும், கூடுகளும் கூடவே வரும். ஆகவே மேல்மட்டம், கீழ்மட்டம் இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பையில் எடுங்கள். மூன்றாவதாக ஒரு பை: தோட்டத்துக்குள் நுழையும் இடம், மூட்டை அடுக்கும் இடம், விதைக்கிழங்கு கொட்டி வைக்கும் இடம். புழு சொந்தமாக ஊர்ந்து போவது ஆண்டுக்கு ஒன்றிரண்டு அடிதான். மற்ற தூரத்தையெல்லாம் நாம்தான் செருப்பிலும் சாக்கிலும் தூக்கிக்கொண்டு போகிறோம். புதிதாக வந்த புழு முதலில் தென்படுவது வாசலில்தான். என் தோட்டத்திலும் முதல் வட்டம் மூட்டை ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எடுத்த மண்ணை உடனே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை நிழலில் பரப்பி நன்றாகக் காயவிடுங்கள். இது கூடு பார்க்க. இன்னொரு பாதியை ஈரம் போகாமல் பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இது உயிரோடு நெளியும் மற்ற நூற்புழுக்களைப் பார்க்க. இதை மாற்றிச் செய்தால் இரண்டும் கெட்டுவிடும். ஈரக் கூடு தண்ணீரில் மூழ்கிவிடும். காய்ந்த மண்ணில் நெளியும் புழு செத்துவிடும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் மண்பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆய்வகத்துக்குப் போகும் மாதிரிகள் பாழாவது பெரும்பாலும் அப்படித்தான்.

வாளிச் சோதனை

காய்ந்த கூட்டுக்குள் காற்று புகுந்துவிடுவதால் அது மிதக்கும். ஆய்வகங்களில் இதற்கென்று ஃபென்விக் குடுவை என்று ஒரு தகரப் பாத்திரம் உண்டு. வீட்டில் அதே வேலையை வாளி செய்யும்.

காய்ந்த மண்ணைக் கட்டி உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, கல்லையும் வேரையும் நீக்குங்கள். ஒரு பெரிய டம்ளர் மண்ணை வாளியில் போட்டு, முக்கால் வாளி தண்ணீரை வேகமாக ஊற்றிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் உட்காரும், மேலே சருகும் தூசியும் ஒரு ஏடுபோல் மிதக்கும். நமக்கு வேண்டியது அந்த ஏடுதான். புனலில் வடிதாளை மடித்துப் போட்டு, ஏட்டை மட்டும் மெதுவாக அதில் ஊற்றுங்கள். வடிதாள் இல்லையென்றால் வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போட்டாலும் நடக்கும். தண்ணீர் இறங்க இறங்க, கூடுகள் தண்ணீரின் விளிம்பில் தாளோடு ஒட்டி ஒரு கோடாக நிற்கும். தாளைப் பிரித்து, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் அந்தக் கோட்டைச் சுற்றிப் பாருங்கள்.

கூடு எப்படி இருக்கும்? கசகசாவைவிடச் சிறிய பழுப்பு உருண்டை, பளபளப்பானது, ஒரு பக்கம் மட்டும் குட்டிக் கழுத்து நீட்டியிருக்கும். அந்தக் கழுத்துதான் அடையாளம். முதல் தடவை பார்ப்பவர்கள் களைவிதையையெல்லாம் எண்ணி 300 கூடு என்று பயந்துபோவார்கள். விதைக்குக் கழுத்து இருக்காது, பெரும்பாலும் ஓரிடத்தில் வடு இருக்கும், ஊசியால் அழுத்தினால் கெட்டியாக நிற்கும் அல்லது உள்ளே மாவாக இருக்கும். பூஞ்சையின் கரிய உருண்டைகளும் ஏமாற்றும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து ஊசியால் உடையுங்கள். கூடு தோல்பைபோல் கிழியும். முட்டை இருந்தால் வெண்மையாகக் கசியும். உள்ளே காலியாக இருந்தால் அது பழைய கூடு, பயமில்லை. பத்துக் கூட்டில் எத்தனை நிறைந்தவை என்று எழுதி வையுங்கள். மொத்த எண்ணிக்கையைவிட எனக்கு இந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

சோதித்த தண்ணீரையும் மண்ணையும் வாசலில் ஊற்றிவிடாதீர்கள். கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். கேலியாகத் தோன்றலாம். வேறு தோட்டத்து மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் நாம்தானே.

கூடு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் நிம்மதி முழுதாக இல்லை. பயிர் நிற்கும்போது இன்னொரு தடவை வேரைப் பார்க்க வேண்டும். நடவு செய்து 55 முதல் 65 நாள், ஏறக்குறைய பூக்கும் சமயம், இதற்குச் சரியான நேரம். செடியைப் பிடித்து இழுத்தால் சல்லி வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், மணிகளும் அங்கேயே போய்விடும். கொத்தை ஆழமாக விட்டு மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசாமல் மெதுவாக முக்கி எடுங்கள். குட்டையாக நிற்கும் திட்டின் நடுவில் இரண்டு செடி, ஓரத்தில் இரண்டு செடி. பெரும்பாலும் ஓரத்துச் செடியில்தான் மணிகள் நன்றாகத் தெரியும். நடுவில் உள்ளதற்கு வேரே மிஞ்சியிருக்காது.

மற்ற புழுக்கள்

கேரட் போடுபவர்களுக்கு வேறு கவலை. கிழங்கு இரண்டாக மூன்றாகக் கவைத்து, பக்கவேரில் சின்னச் சின்ன முடிச்சும் அதிலிருந்து தாடிபோல் சல்லியும் வந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. நம் குளிருக்குப் பழகிய இனம் மெலாய்டோகைன் ஹாப்லா. உருளைக்கிழங்கில் பார்த்த முட்டைக்கூடு வேருக்கு வெளியே ஒட்டியிருக்கும், நகத்தால் தடவினால் உதிரும். முடிச்சு வேரின் சதையே வீங்கியது, உதிராது. பீன்ஸ் வேரில் பார்த்துப் பதறாதீர்கள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு எளிதாக உதிரும் உருண்டை நைட்ரஜன் பிடிக்கும் நல்ல முண்டு. கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

ஈரமாக வைத்த மண் இப்போது உதவும். புனலின் காம்பில் ஒரு ரப்பர் குழாயை மாட்டிக் கிளிப்பால் அடையுங்கள். தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு சல்லடைத் துண்டில் டிஷ்யூ தாளை விரித்து, அதில் ஒரு கைப்பிடி ஈரமண்ணை மெலிதாகப் பரப்பி, அடிப்பக்கம் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். ஒரு இரவும் ஒரு பகலும் விட்டால் புழுக்கள் தாளைத் துளைத்து நீந்தி வந்து, ஏறத் தெரியாமல் குழாயின் அடியில் இறங்கிவிடும். கிளிப்பைத் தளர்த்தி முதல் சில சொட்டுகளைப் பிடித்து, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்தாலே நெளிவது தெரியும். இதைக் கண்டுபிடித்த பெயர்மான் விவசாயத்துக்காகச் செய்யவில்லை. 1917இல் ஜாவாவில், மனிதர்களைத் தாக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் மண்ணில் இருக்கின்றனவா என்று பார்க்க முயன்ற மருத்துவர் அவர். பயிர்க்காரர்கள் அப்புறம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சொட்டைப் பார்த்ததும் தோட்டமே புழு என்று நினைத்துவிடுவீர்கள். அதில் பெரும்பாலானவை பயிருக்குக் கெடுதல் செய்யாதவை: பாக்டீரியாவைத் தின்பவை, பூஞ்சையைத் தின்பவை, மற்ற நூற்புழுவையே பிடித்து விழுங்குபவை. வாய்க்குள் ஊசிபோல் ஒரு குத்துமுள் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அதிலும் எல்லாம் வேரைக் குத்துபவை அல்ல. இனம் பிரிப்பது நம் வேலையில்லை. முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், விஜயநகரத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், கோவையில் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறை ஆகியவை அதற்கு இருக்கின்றன. பையோடு ஒரு சீட்டு வையுங்கள்: ஊர், எடுத்த தேதி, ஆழம், இப்போதைய பயிர், அதற்கு முந்தைய மூன்று பயிர்கள். சீட்டைப் பைக்குள் போட்டால் ஈரத்தில் எழுத்து கரையும்; பென்சிலால் எழுதி வெளியே கட்டுங்கள்.

புழு இருந்தால்

நிலம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்றால், கிழங்குக்கு வேண்டாம் என்று விடுங்கள், அல்லது கேரட், பூண்டு, முட்டைக்கோஸுக்கு என்று பேசிக் குத்தகையைக் குறையுங்கள். ஏற்கனவே பிடித்துவிட்டீர்கள் என்றால் முதல் வழி பயிர் மாற்றம். முட்டைக்கோஸ், கேரட், முள்ளங்கி, பூண்டு, பீன்ஸ், பட்டாணி எதுவும் முட்டைக்கூடு நூற்புழுவுக்கு உணவல்ல. தக்காளியும் கத்தரியும் உணவு, அவை கூடாது. மண்ணில் இருப்பு ஆண்டுக்குச் சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 100 முட்டை நான்கு ஆண்டில் 24 ஆகும். பூஜ்யம் ஆகாது. இந்தக் கணக்கும் தோட்டத்தில் தானாக முளைத்த கிழங்குச் செடி ஒன்றுகூட இல்லாமல் இருந்தால்தான். கேரட் பாத்தியில் அங்கங்கே நிற்கும் அந்தச் செடிகளை "போகட்டும், ஒரு குழம்புக்கு ஆகும்" என்று விடுவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு.

அடுத்தது ரகம். 1968இல் வந்த குஃப்ரி ஜோதி இங்கே எல்லோருக்கும் பிடித்த ரகம், மண்டியிலும் விலை போகும், ஆனால் இந்தப் புழுவுக்கு எதிர்ப்பு இல்லை. 1985இல் வெளியான குஃப்ரி சுவர்ணா இரண்டு இனத்தையும் தாங்கும். பின்னர் வந்த குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவையும் எதிர்ப்பு ரகங்களே. எதிர்ப்பு ரகத்தின் வேர் வாசனைக்கும் குஞ்சு பொரித்து வரும், வேருக்குள் நுழையும், ஆனால் பெண்ணாகப் பருத்து முட்டை வைக்க முடியாமல் பட்டினியில் போகும். எனவே அது மண்ணைச் சுத்தம் செய்யவும் உதவுகிறது. ஒரே எதிர்ப்பு ரகத்தைத் தொடர்ந்து போட்டால் அதை மீறும் புழுக்கள் மட்டும் பெருகும், அதனால் இதையும் பயிர் மாற்றத்தோடு சேர்த்தே செய்யுங்கள்.

செண்டுமல்லி நட்டால் புழு போய்விடும் என்று பலர் சொல்வார்கள். வேர்முடிச்சுப் புழுவுக்கும் வேர் அழுகல் புழுவுக்கும் அது உதவும். முட்டைக்கூட்டுக்குள் இருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. பாலிதீன் மூடி வெயிலில் மண்ணைச் சுடவைப்பது சமவெளி வைத்தியம், நம் பனிக்கும் மேகத்துக்கும் அந்தச் சூடு வராது. குருணை மருந்தைப் பற்றி நான் எழுதவில்லை. மேல்மட்டத்தில் போட்டது கீழே இருக்கும் ஊருணிக்கு வரும் ஊர் இது. தொழுவுரத்தில் சூடோமோனாஸ், பர்பியூரியோசிலியம் போன்ற நுண்ணுயிர்களைப் பெருக்கி இடுவது துணை வைத்தியம், அதை மட்டும் நம்பி ஜோதி போட வேண்டாம்.

விதைக்கிழங்குதான் கடைசி வாசல். நீலகிரி விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்கு அனுப்ப 1971 முதல் தடை உண்டு. வடக்கேயிருந்து வருவது சுத்தம் என்றும் நம்ப முடியாது. 2018இல் இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தரகண்ட் விதைக்கிழங்குக்கும் இதே புழுவுக்காகத் தடை வந்தது. எங்கிருந்து வாங்கினாலும் மண் ஒட்டாத கிழங்கு, புதுச் சாக்கு. சாக்கை உதறும்போது கீழே விழும் மண்ணை ஒரு தாளில் பிடித்து, மேலே சொன்ன வாளியில் போட்டுப் பாருங்கள். கையில் சிக்கும் மிக எளிய மாதிரி அதுதான்.

காலும் கையும்

பயிரைத் தின்னும் நூற்புழு நம்மைத் தாக்காது. நம்மைத் தாக்கும் கொக்கிப்புழு, உருளைப்புழு, சாட்டைப்புழு பயிரைத் தொடாது. ஆனால் மண் ஒன்றே. கொக்கிப்புழுக் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். மற்ற இரண்டின் முட்டைகள் கழுவாத கையாலும் கழுவாத கேரட்டாலும் வயிற்றுக்குப் போகும். தோட்டத்தில் கழிவறை இல்லாத இடத்தில் வேலை செய்தால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள், வேலைக்கு வருபவர்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். பறித்த கேரட்டைப் பாத்தியிலேயே துடைத்துக் கடிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. 1 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை தருகிறார்கள், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதி. தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, 2015இல் தொடங்கியது. வேலைக்காரர் குடும்பம் வெளியூரிலிருந்து வந்து தோட்டத்திலேயே தங்கியிருந்தால் அந்தப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பூட்ஸ் வாங்கியதும் வாசலில் ஒரு தொட்டியும் தேய்க்கும் புருசும் வையுங்கள். உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை கழுவ வேண்டும். மூட்டை ஏற்ற வரும் லாரியை வரப்புக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். டிரைவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், கூலியை ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்து மூட்டையைத் தலையில் தூக்கி வாருங்கள்.